முதுகுக்குள் இரண்டு வளைவுகள்

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உயர்த்துவார்கள். குனிந்து தோள் கொடுத்தால் வந்து உட்காரும். அப்படியே, லாரியில் சாய்த்து வைத்த பலகை மேல் ஏறி உள்ளே போட வேண்டும்.

என் முதுகு சின்ன வயதிலிருந்தே கோணல். வலது பக்கம் விலா புடைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. எங்கள் செட்டுக்கு மேஸ்திரி என் மனைவியின் அண்ணன். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்தான் ஒருநாள் பேச்சை எடுத்தார்.

“வலது தோள்லயே சுமந்து சுமந்துதான் மாப்ள, உன் முதுகு இந்தப் பக்கம் தள்ளிருச்சு. இனிமே இடது தோள்ல தூக்கு. போன வழியே திரும்பி வந்துரும்.”

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் மூட்டையை மாற்றி அடுக்குகிறோம், லாரி நேராகிவிடுகிறது. உடம்பு மட்டும் வேறா என்று நினைத்தேன். என் முறை வரும்போது தூக்கிவிடுகிறவர்கள் இருவரும் இடம் மாறி நிற்பார்கள். “இடங்கை மகாராசா வர்றாரு, மாறுங்கடா” என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு இடது தோளைக் கொடுப்பேன். முதுகு நிமிர்வதாகவே நம்பினேன்.

போன சம்பா அறுவடையின்போது இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. கொட்டகையிலிருந்து லாரிக்குப் போவதற்குள் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் திரும்ப உயிர் வரும். ஒருநாள் பலகை நடுவில் பாதம் இருப்பதே தெரியவில்லை. மூட்டை சேற்றில் விழுந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பலகையில் நம்ப முடியாத ஆளுக்குச் செட்டில் இடம் கிடையாது. பின்னால் வருகிறவன் உயிருக்கும் அது ஆபத்து.

என் மனைவி விடவில்லை. “கால் போச்சுன்னா மூட்டைய யாரு தூக்குறது, உங்கள யாரு தூக்குறது?” என்று கேட்டுத் தஞ்சாவூருக்கு பஸ் ஏற்றி, கூடவே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சட்டையைக் கழற்றச் சொன்னார். நான் தயங்கி நின்றேன். “அவங்க பார்க்காத முதுகா?” என்று என் மனைவியே பித்தானை அவிழ்த்தாள். கைகளைக் கூப்பிக்கொண்டு குனியச் சொல்லி, டாக்டரம்மா பின்னாலிருந்து பார்த்தார். பிறகு நிற்கவைத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை எக்ஸ்ரே எடுத்தார்கள்.

வெளிச்சப் பலகையில் படத்தை மாட்டினார். என் எலும்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மேல்முதுகில் வலது பக்கம் போய், கீழே இறங்கி இடது பக்கம் திரும்பி, மறுபடி நடுவுக்கு வந்து இடுப்பில் உட்கார்ந்திருந்தது.

“மூட்டை தூக்கித்தான் இப்படி ஆச்சுங்களா?”

“இல்லைங்க. வளர்ற வயசுலயே வந்திருக்கும். ஏன் வருதுன்னு பல பேருக்குச் சொல்லவே முடியாது. உங்க தப்பு எதுவும் இல்ல.”

“மூணு வருஷமா இடது தோள்ல தூக்கினேங்க. நிமிர்ந்துரும்னு.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “யாரு சொன்னது?”

“எங்கண்ணன்தாங்க. லாரிக்கும் அவருதான் டாக்டர்” என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “சுமையை மாத்தினா எலும்பு நிமிராதுங்க. வயசாக ஆகக் கீழ்முதுகுல ஜவ்வு தேஞ்சிருக்கு. நரம்பு போற வழி குறுகிப்போச்சு. அதான் நடந்தா மரத்துப்போகுது.”

பிறகு ஒரு நீள ஸ்கேலை எடுத்துப் படத்தில் கழுத்து எலும்பிலிருந்து நேராகக் கீழே பிடித்தார். அது இடுப்பின் நடுவுக்கு ஒரு விரல் அளவு மட்டுமே தள்ளி வந்து நின்றது.

“மேல வலது பக்கம் போனதும் கீழ இடது பக்கம் வளைஞ்சு, உங்க தலையை நடுவுல நிறுத்தி வெச்சிருக்கு. பாத்தீங்களா?”

பார்த்தேன். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. முதல் வளைவை எனக்குத் தெரியும், அதற்காகத்தான் இத்தனை காலம் கூச்சப்பட்டேன். இரண்டாவது ஒன்று இருப்பதே தெரியாது. நான் கேட்காமல், எனக்குச் சொல்லாமல், தூங்கும்போதும் மூட்டை சுமக்கும்போதும் அது என்னைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. கோயிலில் நிற்கிற மாதிரி அந்தப் படத்தின் முன்னால் நின்றேன்.

அடுத்துக் குதிகாலில் நடக்கச் சொன்னார். விரல் நுனியில் நடக்கச் சொன்னார். கட்டைவிரலால் தன் கையைத் தள்ளச் சொன்னார். பலம் குறைந்திருந்தால் கம்பியும் திருகும் வைக்கிற பெரிய ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றார். என் உயிரையெல்லாம் கட்டைவிரலுக்குக் கொண்டுபோய்த் தள்ளினேன்.

“பலம் இருக்கு. இப்போ ஆபரேஷன் வேண்டாம். பயிற்சி பண்ணுங்க, ஆறு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுப்போம். கால் தளர்ந்தாலோ, ஒண்ணுக்குப் போறதுல கட்டுப்பாடு போனாலோ அன்னிக்கே வந்துரணும்.”

“மூட்டை?”

“வேண்டாங்க.”

அதே ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தந்தவர் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடது விலாவின் குழிவில் கைவைத்தார். “மூச்சை இங்க அனுப்புங்க.” மூச்சை எப்படி அனுப்புவது? பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு அந்தக் குழிவு அவர் கையை மெல்லத் தூக்கியது. பூட்டிக் கிடந்த அறைக்குள் காற்று போன மாதிரி இருந்தது.

மறுநாள் படத்தை எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். மூட்டை தூக்கக் கூடாதாம் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் படத்தை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். செட்டே கூடிவிட்டது.

“அப்போ நான் சொன்ன வைத்தியம்?”

“தப்பாம் மச்சான்.”

“அடப்பாவி, மூணு வருஷம் எங்கள இடம் மாத்தி நிக்க வெச்சியே!” என்றான் ஒருவன்.

மச்சான் சிரிக்கவில்லை. படத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவினார். “இதை வெச்சுக்கிட்டா மாப்ள இத்தனை லாரி ஏத்தின?” என்றார். பிறகு படத்தைக் கவனமாக உறையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, கோணி ஊசியையும் சணலையும் எடுத்துவரச் சொன்னார். “மூட்டை வாய் தைக்கவும் ஆள் வேணும்ல. ஒரேயடியா உக்காராத, நடுவுல எழுந்து நட.”

இப்போது அதைத்தான் செய்கிறேன். தைத்துக்கொண்டே, பலகையில் ஏறுகிற ஒவ்வொரு முதுகையும் பார்க்கிறேன். உள்ளே எந்த எலும்பு யாருக்கும் தெரியாமல் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறதோ. சில சமயம் ஊசி கையிலேயே நின்றுவிடுகிறது.