குடிநீரும் குளிசையும்

எங்கள் டொக்டருக்குக் காது மந்தம். கொக்குவிலில் அவருடைய டிஸ்பென்சரிக்குப் போன எல்லாருக்கும் அது தெரியும். அவருடைய அறைக்கும் நாங்கள் உட்கார்ந்து காத்திருக்கும் நீள வாங்குக்கும் நடுவில் ஒரு சீத்தைத் துணிதான் திரை. உள்ளே போகிறவர் தன் வருத்தத்தைக் கத்திச் சொல்ல, வெளியே இருக்கிறவர்கள் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்போம். காய்ச்சல், தடிமன் என்றால் கத்தலாம். மற்றதைக் கத்த ஏலுமோ? அதனால் அவர் "வேறை மருந்து ஏதும் எடுக்கிறியளோ?" என்று கேட்டால், ஊரே ஒரே மாதிரித் தலையாட்டி "இல்லை" என்றது. அந்த வழக்கத்தை உடைத்தவள் என் அக்கா. இதை நான் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

தொண்ணூறுக்குப் பிறகு, சண்டையில் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டி, மின்சாரமும் இல்லாமல் கிடந்த காலம் அது. அத்தான் கொழும்பில் மாட்டுப்பட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் அக்கா தன் சின்ன மகளோடு எங்கள் வீட்டில் இருந்தாள். பக்கத்து வளவில் ஆமி அடித்த செல் விழுந்த நாளோடு அவளுடைய நித்திரை போய்விட்டது, படிப்பிக்கப் போவதும் நின்றது. குசினியில் ஒரு சட்டி மூடி விழுந்தாலும் மகளைத் தூக்கிக்கொண்டு வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் ஓடுவாள். பிறகு வெளியே வந்து விடியுமட்டும் விறாந்தையில் குந்தியிருப்பாள். 

டொக்டர் நித்திரைக்கு விழுங்கக் குளிசை கொடுத்தார். மருந்துக்குத் தட்டுப்பாடான அந்த நாளில் அது கிடைத்ததே பெரிய காரியம். ஆனால் அம்மாவுக்குக் குளிசையில் நம்பிக்கை இல்லை. சுன்னாகப் பக்கம் நாட்டு வைத்தியம் செய்யும் ஒரு பரியாரியாரிடம் அக்காவைக் கூட்டிப்போனா. அவர் வேர்களைக் கட்டிக் கொடுத்து, அவித்து வற்ற வைத்துக் குடிக்கச் சொன்னார். அதை நாங்கள் குடிநீர் என்போம். அது போதாதென்று, படுக்கப் போகும்போது ஆட்டுப்பாலில் சாதிக்காயை உரைத்துக் கொடுப்பது அம்மாவின் சொந்த வைத்தியம்.

குளிசை முடிந்து அடுத்த முறை போனபோது டொக்டரிடம் அக்கா சொன்ன "இல்லை"யில் பொய் இல்லை. எங்கள் ஆட்களுக்கு மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் இருந்தோ டிஸ்பென்சரியில் இருந்தோ வருவது. குடிநீர் குடிநீர்தான். சாதிக்காய்ப் பால் சாப்பாட்டில் சேர்த்தி. ஆனால் பரியாரியார் "இங்கிலிஸ் மருந்து ஏதும் எடுக்கிறியளோ, பிள்ளை?" என்று கேட்டபோது, அக்கா வாயைத் திறக்க முந்தியே அம்மா குறுக்கே விழுந்து, "ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டா. அது முழுப் பொய். அம்மா மறைத்ததற்குக் காரணம் நான். எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் நரம்புக்குக் குளிசை போடுகிறாள் என்று வெளியே தெரிந்தால் இளையவளை ஆர் எடுப்பான்?

அக்கா நித்திரை கொண்டாள். முதலில் எங்களுக்கு நல்ல சந்தோசம். பிறகு விடிந்த பின்னும் கண் சொருகியபடி நடந்தாள், தேத்தண்ணிக் கோப்பையை நழுவ விட்டாள், கதைக்கும்போது நாக்குத் தடுமாறியது. "இவ்வளவு நாள் கொள்ளாத நித்திரையெல்லாம் கொள்ளட்டும்" என்று அம்மா சொன்னா. எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஒருநாள் காலை, பள்ளிக்கூடம் தொடங்கிய நேரம், குண்டு போடும் பொம்பர் இரைந்துகொண்டு வந்தது. அம்மாவும் நானும் பங்கருக்குள் இறங்கிவிட்டோம். அக்காவுக்குத்தான் காது கூர்மையாயிற்றே, முதல் ஆளாக வந்திருப்பாள் என்று நினைத்தோம். பார்த்தால் அவளுடைய மகள் மட்டும் பங்கர் வாசலில் நிற்கிறாள்.

"அம்மா எழும்புறா இல்லை" என்றாள்.

அவளை அம்மாவிடம் தள்ளிவிட்டு ஓடினேன். அக்கா பாயில் கிடந்தாள். உலுக்கினேன், கன்னத்தில் அடித்தேன், செம்புத் தண்ணியை முகத்தில் ஊற்றினேன். கண்ணைத் திறந்து என்னை ஆரென்று தெரியாத மாதிரிப் பார்த்தாள். கக்கத்தில் கை கொடுத்து விறாந்தை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் குண்டு எங்கோ தூரத்தில் விழுந்துவிட்டது. அன்றைக்கு எங்களுக்கு நேரம் நல்லது, வேறொன்றுமில்லை.

பின்னேரம் தெளிந்த பிறகு அக்கா குடிநீர்ப் போத்தலையும் குளிசைப் பக்கற்றையும் சாதிக்காயையும் மேசையில் வரிசையாக வைத்தாள். அவற்றைப் பார்த்துக்கொண்டே, "பிள்ளை என்னை விட்டிட்டு வரமாட்டன் எண்டு பக்கத்திலையே இருந்திருந்தால்?" என்று கேட்டாள். பிறகு அவளே சொன்னாள்:

"நாளைக்கு டொக்டரிட்டைப் போறன். எல்லாத்தையும் காட்டப் போறன்."

"தங்கச்சியின்ரை விசயம் முடியட்டும், பிள்ளை" என்றா அம்மா.

"அதுவரைக்கும் பொம்பர் பொறுத்திருக்குமோ, அம்மா?"

அடுத்த நாள் நானும் கூடப் போனேன். வாங்கு நிறையச் சனம். அதன் நடுவில், கைப்பையை மடியில் வைத்தபடி, எனக்குப் பேசிய மாப்பிள்ளையின் சின்னம்மா. என்னைக் கண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தா. நான் அக்காவின் காதுக்குள், "மெல்லமாக் கதை" என்றேன். அக்கா அவவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

டொக்டர் வழக்கம்போலக் கேட்டார்: "வேறை மருந்து ஏதும் எடுக்கிறியளோ?"

"ஓம்" என்றாள் அக்கா.

அவருக்குக் கேட்கவில்லை. அல்லது, அந்தக் கேள்விக்கு "ஓம்" என்ற பதிலை அவர் அறியாததால் விளங்கவில்லை. "என்ன சொன்னனீங்கள்?"

அக்கா குரலை உயர்த்தினாள். வகுப்பறைக்குக் கேட்கும் குரல் அது. "ஓம் டொக்டர். நெஞ்சுப் படபடப்புக்கும் நித்திரைக்கும் நீங்கள் தந்த குளிசை போடுறன். பரியாரியாரின்ரை குடிநீரும் குடிக்கிறன். சாதிக்காய்ப் பாலும் குடிக்கிறன். நேற்றுப் பொம்பர் வந்தபோது எனக்கு எழும்ப ஏலாமல் போச்சுது."

மாப்பிள்ளையின் சின்னம்மா திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தா. எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. முதலில் வெட்கம், பிறகு அது வேறு ஏதோவாக மாறியது. இவள் என்ரை அக்கா என்று எழும்பி நின்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

டொக்டர் ஏசவில்லை. போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார். "வேர் எண்டால் கெடுதல் செய்யாது எண்டு நினைச்சியளோ? விசமான அலரிக்காயும் மரத்திலைதான் காய்க்குது. நித்திரையாக்கிற எதுவும் மருந்துதான், பிள்ளை. ஒண்டு உங்களைப் படுக்க வைக்கும். மூண்டும் சேர்ந்தால் எழும்ப விடாது." குடிநீரையும் சாதிக்காயையும் நிற்பாட்டச் சொன்னார். குளிசையைத் திடீரென்று விடாமல், தான் சொல்லச் சொல்லக் குறைக்க வேண்டும் என்றார். தானும் கேள்வியைப் பிழையாகக் கேட்டுவிட்டதாக முணுமுணுத்தார். அவர் முணுமுணுப்பதும் வாங்குக்குக் கேட்கும்.

நாங்கள் வெளியே வர, அடுத்ததாக ஒரு ஆச்சி உள்ளே போனா. அவவிடம் டொக்டர், "படுக்க முதல் என்னென்ன குடிக்கிறனீங்கள்?" என்று கேட்டார். ஆச்சி தொடங்கியதை முடிக்க நெடுநேரம் பிடித்தது.

அங்கிருந்து சைக்கிளில் நேரே சுன்னாகம். பரியாரியாரிடமும் அக்கா ஒளிக்காமல் சொன்னாள். மனுசனின் முகம் வாடிப்போய்விட்டது. "நான் கேட்டனான்தானே, பிள்ளை. தெரிஞ்சிருந்தால் நித்திரைக்கு எண்டு அமுக்கராவும் சடாமாஞ்சிலும் உங்களுக்குக் கட்டியிருக்க மாட்டன்" என்றார். கொடுத்த வேரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அக்காவின் கண் தெளிந்தது. பயம் முழுக்கப் போகவில்லை. அந்த ஊரில், அந்த நாளில், ஆருக்குத்தான் போனது? ஆனால் பொம்பர் இரைந்தால் மகளைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முந்தி இறங்கிவிடுவாள்.

அந்த வாரமே தரகர் வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, சாதகம் பொருந்தவில்லையாம் என்றார். முன்பு பொருந்திய சாதகம்தான். அம்மா சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனா. அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள்.

"உன்ரை வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டன் என்ன?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் அல்ல. "உனக்கு விசர். அந்த வீட்டிலை இன்னும் பங்கர் வெட்டேல்லையாம். வளவு பழுதாப் போகுமாம். நீதான் என்னைக் காப்பாத்தினனீ" என்றேன்.

அக்கா மூக்கை உறிஞ்சியபடி என்னைப் பார்த்தாள். "உண்மையாவோ?"

"தரகரைக் கேட்டுப் பார்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். செல் விழுந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.