மாமியார் சிரித்த படம்

எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் மலாயாவிலிருந்து என் மச்சான் எழுதிய அந்தக் கடிதத்தைப் படித்திருந்தால் எந்தப் பொறுமைசாலிக்கும் பற்றிக்கொண்டுதான் வந்திருக்கும். “நீங்கள் அனுப்பிய போட்டோவில் அம்மா அழுதுகொண்டிருக்கிறார். அங்கே அவருக்கு என்ன குறையோ எனக்குத் தெரியவில்லை. பங்குனி பிறந்ததும் கொடுமுடிப் பெரியப்பா வந்து அம்மாவைக் கூட்டிப் போவார்.” இவ்வளவுதான் கடிதம். என்னை நலம்கூட விசாரிக்கவில்லை.

அழுகையாவது மண்ணாங்கட்டியாவது! அந்தப் படத்தை எடுத்தவனே நான்தான்.

ஐம்பதுகளின் கடைசி அது. சிங்காநல்லூரில் குடியிருந்தோம். மில் ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. மாமனார் காலமான பிறகு அத்தை எங்களோடு வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு ஒரே மகன், அவன் மலாயாவில் ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி. மகள் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிடுவதை எங்கள் பக்கத்தில் குறைச்சலாகத்தான் நினைப்பார்கள். அதனால் அத்தை உட்காரவே மாட்டார். அரைப்பார், புடைப்பார், பெருக்குவார், எல்லாம் என் கண்ணில் படாமல். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவார். “மாப்பளைக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து கண்ணு” என்று மகளிடம் சொல்வதுதான் என்னிடம் பேசுவது. மாமியார்கள் மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதை அப்படி.

என்னிடம் ஒரு பாக்ஸ் கேமரா இருந்தது. சும்மா ஒரு கறுப்புப் பெட்டி. வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேலே உள்ள சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். நல்ல வெயில் வேண்டும், சூரியன் எடுப்பவனுக்கு முதுகுப்பக்கம் இருக்க வேண்டும் என்று அதோடு வந்த புத்தகம் சொன்னது. நான் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டேன். எங்கள் தெருவில் யாரையும் விட்டதில்லை. “நெட்டுக்கு நில்லுங்க, அசையாதீங்க, இங்க பாருங்க” என்று உச்சி வெயிலைப் பார்க்க நிறுத்தி எடுத்துத் தள்ளினேன். எல்லோரும் புளியங்காயைக் கடித்த மாதிரிதான் படத்தில் விழுந்தார்கள். மூஞ்சி சரியில்லாததற்குக் கேமரா என்ன செய்யும் என்று நான் கேட்டேன்.

மச்சான் அம்மாவின் படம் கேட்டு எழுதியபோது அத்தையையும் அப்படித்தான் நிறுத்தினேன். முகத்தில் பவுடர், தலைவரை இழுத்த முந்தானை, கண்ணுக்கு நேராக வெயில், போதாததற்கு எதிரில் மாப்பிள்ளை. வெயிலுக்குக் கண் சுருங்கியது, எனக்காகத் தலை குனிந்தது, உதடு இறுகியது. புடவைக் கரையின் ஒவ்வொரு கோடும் தெளிவாக விழுந்திருக்கிறதென்று மார்தட்டிக்கொண்டு அனுப்பியவன் நான்.

கடிதத்தை என் மனைவி அத்தைக்குப் படித்துக் காட்டினாள். சாயங்காலம் பார்த்தால் அத்தையின் நான்கு புடவையும் மூட்டையாகக் கட்டி மூலையில் இருந்தது. “மகன் சொன்னா போகோணுமல்லொ” என்றாராம். கொடுமுடிப் பெரியவர் அத்தைக்கு மச்சாண்டார், கணவரின் அண்ணன்; அவர் வீட்டில் பன்னிரண்டு பேர். அங்கே போவதற்கு அத்தைக்கு எள்ளளவும் விருப்பமில்லை என்பது என் மனைவிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு அப்போது பெரிதாகத் தெரிந்தது என் பெயர் கெட்டுப்போனதுதான்.

“வரச்சொல்லு அத்தையை. இப்பவே இன்னொண்ணு எடுத்து அவன் மூஞ்சில எறியறேன்” என்று குதித்தேன்.

“ஏனுங்க, உங்க முன்னால எங்கம்மா சிரிக்குமுங்களா?” என்றாள். “நீங்க கோயிச்சுக்காதீங்க. நானெடுக்கறன்.”

அவள் கேமராவைத் தொட்டதே கிடையாது! சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் பிலிம் இல்லாத வெறும் பெட்டியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அதோடு தண்ணீர் சேந்தினாள், அரிசி களைந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, “என்ன அம்மணி, கழுத்துல பொட்டியத் தொங்கவுட்டுட்டுத் திரியற?” என்று கேட்டுச் சிரித்தாள். முதல் இரண்டு நாள் பெட்டியைக் கண்டதும் அத்தை முந்தானையை இழுத்து விறைத்தாராம். நாலாம் நாள், “அந்தக் கருமத்தைக் கழட்டி வெச்சுப்போட்டு உளுந்தை ஆட்டு புள்ளே” என்று திட்டினாராம். அன்றைக்குத்தான் என்னைப் பிலிம் போட்டுத் தரச் சொன்னாள். எனக்கு இந்த மூளை ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது. இன்றைக்கும் நினைத்தால் அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், “நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க” என்றாள். என் வீடு, என் கேமரா, நான் வெளியே போக வேண்டும்! முணுமுணுத்துக்கொண்டே போய் முக்கு டீக்கடையில் நாலு டீ குடித்தேன். கடைக்காரர் வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டார்.

பிறகு அவள் சொல்லித் தெரிந்துகொண்டதுதான் மீதி. பின்வாசலில் வெள்ளை வேட்டி விரித்து அத்தையை வடகம் பிழியச் சொன்னாள். இங்கே உட்கார், அங்கே பார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை தானாகவே வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எந்த மனுஷரும் அப்படித்தான் உட்கார்வார்கள், நான் ஒருத்தன்தான் மூஞ்சியைக் காட்டச் சொன்னவன். வெயில் முதுகில் விழ, வேட்டியின் வெள்ளை கீழேயிருந்து முகத்தில் வெளிச்சம் அடித்தது. அவள் முருங்கை நிழலில் நின்றாள். பெட்டிக்குள் வெயில் பாயாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே, ரோலில் இருந்த எட்டுப் படத்தையும் எடுத்து முடித்தாள்.

பிலிமை நகரத்து ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தேன். இரண்டு படம் ஆடிப்போயிருந்தன. ஒன்றில் காக்கா மட்டும் இருந்தது. ஆறாவது படத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். அத்தை தலையை ஒருபக்கம் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். மாவுக்கை அந்தரத்தில் நிற்கிறது. முந்தானை தலையில் இல்லை. நரைமுடியின் ஓரமெல்லாம் வெயில் பளபளக்கிறது. நான்கு வருஷமாக என் வீட்டில் இருந்த மனுஷி இவ்வளவு அழகாகச் சிரிப்பார் என்பதே எனக்குத் தெரியாது. அடடா, என்ன படம்!

“எதிர் வெயில்ல இப்பிடி எடுத்திருக்கீங்களே, யாருங்க எடுத்தது?” என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். வாய் கூசாமல், “நாந்தானுங்க” என்று சொல்லிப்போட்டேன்.

அத்தை எதற்காக அப்படிச் சிரித்தார் என்று மனைவியைக் குடைந்தேன். வெகுநேரம் மழுப்பினாள். கடைசியில் சொன்னாள். மாவுக்கையை வயிற்றுக்கு நேரே கேமரா மாதிரி பிடித்துக்கொண்டு, “நெட்டுக்கு நில்லுங்க, அசையாதீங்க” என்று அத்தை என்னை அப்படியே செய்து காட்டினாராம். அன்றைக்கு ராத்திரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே சாப்பிட்டேன். கை கழுவும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

படம் விமானத் தபாலில் போனது. மாசி தேய்ந்துகொண்டே வந்தது. கொடுமுடியிலிருந்து பெரியவர் வருகிற நாளைக் குறித்து எழுதிவிட்டார். மூட்டை மூலையிலேயே இருந்தது. பெரியவர் வர மூன்று நாள் இருக்கும்போது மலாயாக் கடிதம் வந்தது. நானே உரக்கப் படித்தேன். “அம்மா சிரிப்பதை எட்டு வருஷம் கழித்துப் பார்த்தேன். எஸ்டேட் லயத்துக் குடியிருப்பில் எல்லோருக்கும் காட்டினேன். நான் எழுதியதை மாப்பிள்ளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பெரியப்பாவுக்கு வர வேண்டாமென்று எழுதிவிட்டேன். அம்மாவுக்கு இஷ்டமானால் அங்கேயே இருக்கட்டும்.”

நான் ஜெயித்த மாதிரி கடிதத்தை மடித்தேன். என் மனைவி ஓடிப்போய் மூட்டையை அவிழ்க்கப் பார்த்தாள். அத்தை அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து எனக்கு நேராக நின்றார்.

“மகன் இருக்கச் சொல்லிப்போட்டானுங்க மாப்பள. ஊடு உங்களுது. நீங்க இன்னும் சொல்லலீங்களே.”

நான்கு வருஷம். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவேயில்லை. என் பெயரைக் காப்பாற்ற அத்தனை குதி குதித்தவனுக்கு, அந்த அம்மா அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்பது உறைக்கவில்லை.

“இருங்க அத்தை” என்றேன். “எங்கியும் போகாதீங்க.”