பெட்டி வைத்தியர் வீட்டு உலகப் பயணம்

பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் இருந்தது அந்தக் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதனால் பெட்டி வைத்தியர் வாழ்நாளில் பாதியைக் குனிந்தே கழித்துவிட்டார். சக்கரம் கழன்ற சூட்கேஸ், பல் போன ஜிப், கைப்பிடி பிய்ந்த பை எல்லாம் அவரிடம்தான் வரும். உலகத்தைச் சுற்றிவிட்டு நொண்டிக்கொண்டு வந்த பெட்டிகளைக் குணப்படுத்துகிறவர் பக்கத்து ஊரைத் தாண்டியதில்லை. கடையை மூடினால் பெட்டிகள் அழும் என்பார். மனைவி அதை மறுப்பதில்லை. மறுத்தால் அந்த அழுகையை நடித்துக் காட்டுவார்.

பெட்டியின் உள்துணியைப் பிரித்தால் ஏதாவது உதிரும். சங்கு, கூழாங்கல், வெளிநாட்டுப் பொத்தான், பாதி கிழிந்த அருங்காட்சியகச் சீட்டு. பெட்டிக்குச் சொந்தக்காரர்களிடம் நீட்டினால், "அட, தூக்கிப் போடுங்க" என்பார்கள். தூக்கித்தான் போட்டார், தன் சட்டைப் பையில்.

அவற்றை வைத்து வீட்டில் ஒரு விளையாட்டு உண்டாயிற்று. பழைய பெட்டியின் அட்டையில் வளைந்து வளைந்து போகும் பாதை, ஊருக்கு ஒரு வட்டம். பகடையை உருட்டி எந்த வட்டத்தில் நிற்கிறோமோ, அங்கிருக்கும் பொருளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது தனக்கு எப்படிக் கிடைத்தது என்று கதை சொல்ல வேண்டும். கேட்பவர்களுக்கு அந்த ஊர் கண்ணில் தெரியவேண்டும். தெரியாவிட்டால், "திருப்பி வை."

இதில் மனைவியை மிஞ்ச ஆளில்லை. ஒரு பொத்தானுக்காக ஓர் அரசனையே ஆற்றில் தள்ளியவள். ஒருமுறை சங்கைக் காதில் வைத்து, உள்ளே ஒரு கிழவர் கதவைச் சாத்தச் சொல்கிறார் என்றாள். வைத்தியர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

இப்படி இருக்கையில், அவளுடைய அக்கா குடும்பம் மலைமேல் இருக்கும் ஏரிக்கு வேன் பிடித்தது. இவளையும் அழைத்துப் போனார்கள். திரும்பியபோது கையில் விரல் நீளத்துக்கு ஒரு மரப்படகு.

"ஏரி எப்படி?" என்றார் வைத்தியர்.

"நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான். அரசனைத் தள்ளிய வாய்க்கு அதற்குமேல் வரவில்லை.

வைத்தியருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. நிஜ ஏரியைப் பார்த்துவிட்டவளுக்கு அட்டை இனி வெறும் அட்டையாகத்தானே தெரியும்? அவள் ஆட உட்காராவிட்டால் தனக்குப் போக ஊர் ஏது? அலமாரி மேல் கிடந்த அட்டையை எடுக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. கல்லூரிக்குப் போகும் மகள்தான் அட்டையை விரித்தாள்.

"அம்மா, நிஜமா போயிட்டு வந்தவங்க முதல்ல சொல்லணும்."

"என்னத்தச் சொல்றது? ஏரி இருந்துச்சு, படகு இருந்துச்சு. போனோம், வந்தோம்."

"பள்ளிக்கூடக் கட்டுரை கெட்டுது போ," என்ற மகள், அம்மா வாங்கி வந்த பொருளாயிற்றே என்று படகை அவள் பக்கமே தள்ளினாள்.

வைத்தியர் தொண்டையைச் செருமினார். "திருப்பி வை."

மனைவி முறைத்தாள். "என்னங்க, இது நான் நிஜமாவே போய் வாங்கினது."

"இருக்கட்டும். எனக்கு ஏரி தெரியல."

அவள் படகைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு அட்டையில் திருப்பி வைத்தாள். "எனக்கும்தான் தெரியல," என்றாள் மெல்ல. "பூரா பனிமூட்டம். பக்கத்துல உக்காந்த அக்காவே தெரியல. அவ்வளவு தூரம் போயி வெறும் வெள்ளையப் பாத்துட்டு வந்தேன்னா நீங்க ரெண்டு பேரும் சிரிக்க மாட்டீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. வைத்தியர் முழங்காலைக் கட்டிக்கொண்டார். "என்ன கேட்டுச்சு?"

"துடுப்பு சத்தம். அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. திரும்பிப் பாத்தா படகுக்காரரும் வெள்ளையாயிட்டார். தண்ணி எது, வானம் எதுன்னு தெரியாம படகு மெதுவா மேல ஏறுது. கைய வெளிய நீட்டினேன். ஈரமா ஒரு மேகம் வந்து மோந்து பாத்துட்டுப் போச்சு."

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு மழையில் கரைந்து போயிருந்தது. மகள் போர்வையைத் தோளுக்கு இழுத்துக்கொண்டாள். வைத்தியரின் விரல் நுனி சில்லென்றது.

"அப்புறம் எப்படிக் கரைக்கு வந்தே?"

"எங்க வந்தேன்? இன்னும் அங்கதான் இருக்கேன்."

"அப்ப வேன்ல வந்து இறங்கினது யாரு?" என்றாள் மகள்.

"அது உங்க பெரியம்மா அனுப்பின ஆளு. சமையல் சுமாராத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க."

வைத்தியர் மரப்படகை அவள் பக்கம் நகர்த்தினார். பகடை அவர் கையில்தான் இருந்தது, உருட்ட அவசரமில்லை.

"கொஞ்சம் தள்ளி உக்காரு," என்று அவரும் படகில் ஏறிக்கொண்டார்.