ஹபீப் ஓட்டாத பந்தயம்

மெல்பர்ன் வந்து ஆறு வருஷமாகியும் பெட்ரோல் பங்கில் எனக்கு ஒரு கூச்சம் போகவில்லை. இங்கே நாமே இறங்கி, நாமே குழாயைப் பிடித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்று சொல்ல ஆளில்லை. யாரோ வந்து கையைத் தட்டிவிட்டு "நவுருங்க" என்று சொல்லிவிடுவார்களோ என்றிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பந்தயத்துக்கான பெட்ரோலைக் கேனில் பிடிக்கும்போதும் அப்படித்தான் சுற்றுமுற்றும் பார்த்தேன். காருக்குள்ளிருந்து நண்பன் ஹபீப் தலையை நீட்டினான். "யாரத் தேடற? பங்க்காரனும் நீதான், கஸ்டமரும் நீதான். ஊத்து." இன்னும் ஒன்பது நாளில் அவன் ஊர் திரும்ப வேண்டும். அவனை வேலைக்கு எடுத்திருந்த மெக்கானிக் ஷாப்பை மூடிவிட்டார்கள். விசா அந்த வேலையோடு கட்டப்பட்டது; வேறு இடம் கிடைக்கவில்லை. அவன் வாழ்க்கையின் முதல் கார் பந்தயம் அன்றைக்குத்தான். அதுவே கடைசியாகவும் இருக்கக்கூடும் என்பது இருவருக்கும் தெரியும்.

கேட்பவர்களிடம் இருவருமே நெய்வேலி என்றுதான் சொல்வோம். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் இரண்டு ஊர் இருக்கிறது. நான் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், அப்பா மைன்ஸில் பர்மனென்ட். ஹபீப் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, அவன் அத்தா சைக்கிள் கடை வைத்திருந்தார். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். நான் மேலே படிக்கப் போனேன். அவன் மைன்ஸின் ஜீப் ஷெட்டில் கான்ட்ராக்ட் மெக்கானிக்காகச் சேர்ந்தான். எந்த ஜீப்புக்கு என்ன நோவு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். ஆனால் ஓட்டுவதற்குத் தனி டிரைவர்கள் உண்டு. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் ஷெட்டிலிருந்து வண்டி கழுவும் மேடை வரைக்குமான முப்பதடி. "அதுலயும் ஒருநாள் செகண்ட் கியர் போட்டுப் பாத்துட்டேன்டா" என்று பெருமையாகச் சொல்வான். லீவில் நான் வரும்போது, அப்பாவின் மாருதியை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப்பின் அகன்ற காலி ரோடுகளில் சுற்றுவோம். நான் ஓட்டுவேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டு வருவான். ஒரு தடவைகூட ஸ்டியரிங்கை அவன் கையில் நான் கொடுத்ததில்லை. அப்பா திட்டுவார் என்று காரணம் சொல்வேன். அவனும் கேட்டதில்லை.

மெக்கானிக் வேலை கிடைத்து அவனும் இங்கே வந்தபின், இரண்டு குளிர்காலம் என் வீட்டு கராஜில் குந்திக்கினு ஒரு பழைய ஜப்பான் காரைப் பிரித்துக் கோத்தவன் அவன்தான். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களுக்கான ஒரு மணி நேரப் பந்தயம் அது. ஒரு காருக்கு இரண்டு பேர், பாதி நேரத்தில் ஆள் மாற வேண்டும். "மொதல்ல நீ ஓட்டு. எஞ்சின் எப்படி ஓடுதுன்னு நான் வெளிய நின்னு கேக்குறேன்," என்றான். இருபத்தைந்தாவது நிமிடம் அவன் ஓரச் சுவரில் நின்று 'உள்ளே வா' என்று போர்டு காட்டுவான், நான் வந்துவிட வேண்டும். எங்களுக்கு உதவியாள் கிடையாது. அதனால் பந்தய உடையும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு அவனே போர்டைப் பிடித்து நின்றான்.

இருபத்திரண்டாவதாகக் கிளம்பினேன். 'உள்ளே வா' போர்டை முதல் முறை பார்த்தபோது நான் பதினான்காவது இடத்தில் இருந்தேன். எனக்கு முன்னால் ஒரு நீல நிறக் கார், எட்டிப் பிடித்துவிடும் தூரம். இந்த ஒரு சுற்று மட்டும் என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் ஹபீப் குதிகாலை உயர்த்தி, இரண்டு கையாலும் போர்டைத் தலைக்கு மேல் பிடித்திருந்தான். நீலக் கார் இன்னும் நெருங்கியிருந்தது. மூன்றாவது முறை சுவரைக் கடக்கும்போது நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நான்காவது வளைவில் பிரேக்கைப் பிந்தி மிதித்தேன். பின்சக்கரங்கள் பிடி விட்டன. வானம், சுவர், வானம் என்று சுற்றி, புல்லில் பின்னோக்கி வழுக்கி, எஞ்சின் அணைந்து நின்றது.

டிராக் ஓரம் கொடியோடு நின்ற பெண் ஒருத்தி ஓடிவந்து கத்தினாள்: "யூ ரைட்?" இந்த நாட்டில் கடைக்குள் நுழைந்தாலும் இதைத்தான் கேட்பார்கள். நல்லா இருக்கியா, ஏதாவது வேணுமா என்று அர்த்தம். ஆறு வருஷமாகப் பதில் சொல்லிப் பழகிய கேள்வி. அந்த நொடியில் என் காதில் விழுந்தது விருத்தாசலம் பஸ்ஸின் கண்டக்டர் குரல். ரைட்! போலாம் ரைட்! எஞ்சினை உயிர்ப்பித்து கியரைப் போட்டு டிராக்கில் ஏறிவிட்டேன். பின்னால் வந்த கார் அலறிக்கொண்டு ஒரு சாண் இடைவெளியில் விலகிப் போனது. அடுத்த சுற்றில் எனக்குக் கருப்புக் கொடி. பந்தயத்திலிருந்து எங்கள் காரையே நீக்கிவிட்டார்கள்.

நான் உள்ளே வந்தபோது ஹபீப் ஹெல்மெட்டைக் கழற்றியிருக்கவில்லை. கதவைத் திறந்து, "கை காலு சரியா இருக்குதா?" என்று மட்டும் கேட்டான். வயதான அதிகாரி ஒருவர் வந்து, பின்னால் வருகிறவர்களைப் பற்றி நினைத்தாயா என்று என்னிடம் நிதானமாகக் கேட்டார். அந்த நிதானம் வசவைவிடச் சுட்டது. பிறகு ஹபீப்பிடம் திரும்பி, ஏன் இவனை நேரத்துக்கு உள்ளே கூப்பிடவில்லை என்றார். ஹபீப் தயங்கவேயில்லை. "போர்டு லேட், சார். மை மிஸ்டேக்."

அவர் போனதும், "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்றேன்.

"பின்ன என்னான்னு சொல்றது? பாத்துகினே போய்ட்டான்னா?" கிளவுஸை விரல் விரலாக உருவினான். "மூணாவது வாட்டி மூஞ்சத் திருப்பிகினு போன. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

பந்தயம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மற்ற கார்கள் கடந்து போகும் சத்தத்தினூடே இருவரும் எங்கள் காரை டிரெய்லரில் கட்டினோம். கயிற்றை இழுக்கும்போதுகூட அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்பதாவது நாள் ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான்.

அந்தக் கண்டக்டர் கதையை இங்குள்ள தமிழ் நண்பர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். போர்டைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை. மொழி புரியாமல் நடந்த தப்பு என்றால் யாரும் மன்னித்துவிடுவார்கள். எனக்குப் போர்டின் எழுத்து நன்றாகவே புரிந்திருந்தது.

மறுவருஷம் லீவில் ஊருக்குப் போனேன். அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அக்காவோடு கடலூரில் இருக்கிறார். மந்தாரக்குப்பத்தில் சொந்தமாக மெக்கானிக் ஷாப் போட்டிருந்த ஹபீப், கஸ்டமர் கார் ஒன்றில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டான். அவன் ஓட்ட, நான் பக்கத்தில். நான் கேட்காமலே டவுன்ஷிப்புக்குள் திருப்பி, எங்கள் பழைய வீட்டெதிரே நிறுத்தினான். கேட்டுக்குப் பச்சை அடித்திருந்தார்கள். துணிக்கொடியில் யாருடைய பிள்ளைகளின் ஸ்கூல் யூனிஃபார்மோ காய்ந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு நான் உள்ள வந்திருக்கணும்டா," என்றேன்.

ஹபீப் எஞ்சினை அணைத்தான். "ஆமா. வந்திருக்கணும்," என்றான். நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

கேட்டைத் திறந்துகொண்டு ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "யாருங்க வேணும்?"

"யாரும் இல்லீங்க, சும்மா பாத்தோம்," என்றேன்.

அவர் என் ஷூவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்த ஊருங்க நீங்க?"

வழக்கம்போல் நெய்வேலி என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி ஹபீப்பும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.