அந்த விசில் பெருசு

மதுரையில் கதை எழுதுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சனிக்கிழமை ஒருவர் கதையைப் போடுவார். ஞாயிறு காலை மற்றவர்கள் வாய்ஸ் மெசேஜில் கருத்துச் சொல்வார்கள். எல்லோரும் முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. தேறிய கதைகள் தொகுப்பாக வரும். நாளிதழில் அடுத்தவர் எழுத்தைத் திருத்தியே வயதான எனக்கு, அந்தத் தொகுப்பில் என் பெயர் வேண்டியிருந்தது.

என் கதையில் பக்கவாதத்தில் விழுந்த பஸ் கண்டக்டர் ஒருவர். மகனையும் மருமகளையும் கூப்பிட விசில் ஊதுவார். ஒருமுறை ஊதினால் தண்ணீர், இரண்டுமுறை என்றால் பெட்பேன். கடைசி வரியிலும் ஊதிக்கொண்டே இருப்பார்.

அப்பா மேலூர்–திருவாதவூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இப்போது அவரும் பக்கவாதத்தில் படுக்கையில். அதே விசில் அவர் கழுத்தில் கிடந்தது. கதையைப் பற்றி அவருக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஜன்னலோரம் போன். முதலில் பேசியிருந்தவர் ஒரு பேராசிரியர். புகழ்வார் என்று அதைத் தட்டி ஓடவிட்டேன்.

"நடை சுத்தமா இருக்கு சார், பேப்பர் நியூஸ் மாதிரி."

அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது. குழுவில் இளையவன் ஒருவன்:

"அண்ணே, கதை நகரவே மாட்டேங்குது. அந்த விசில் பெருசு எப்பத்தாண்ணே சாகும்?"

பிறகு வங்கியில் வேலை பார்க்கும் பெண்: "அவர் செத்தாத்தான் சார் கதை முடியும். அந்த மருமக பாவம்ல?"

திருவாதவூர் பள்ளிக்கூட ஆசிரியர்: "மாப்ள, விசில் வாயில இருக்கும்போதே ஆளை முடிச்சு விட்ரு. கிளாசா இருக்கும்." பின்னால் யாரோ சிரித்தார்கள்.

என் கையெல்லாம் நுரை. துடைத்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். அடுத்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டியிருந்தது.

அப்பா வலது கையால் விசிலைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குப் பேச்சு குழறித்தான் வரும். இது தெளிவாக வந்தது.

"சாகணும்னு எம்புட்டுப் பேரு சொல்றாய்ங்க?"

"கதைப்பா. கதையில வர்ற ஆளு."

"நீ என்ன சொன்ன?"

"எழுதுனவன் பேசக் கூடாதுப்பா. அது குரூப் ரூல்."

"அப்ப நீயும் வேணாம்னு சொல்லல."

மறு கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தார். சவரத்தை முடித்தேன்.

மதியம் என் முறை வந்தது. 'அனைவருக்கும் நன்றி. முடிவைத் திருத்திவிடுகிறேன்' என்று தட்டினேன். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

காலையிலிருந்து விசில் சத்தமே இல்லை என்பதை என் மனைவிதான் கவனித்தாள். போய்ப் பார்த்தோம். விழித்துத்தான் இருந்தார். விசில் கழுத்திலேயே கிடந்தது. அடியில் விரிப்பு நனைந்து, ஓரத்தில் காயத் தொடங்கியிருந்தது.