ஜி.ஐ.யா, எஸ்.எஸ்.ஸா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மச்சான் மாடிப்படியிலிருந்து விழப் பார்த்தார். அவர் இப்போது நன்றாக இருக்கிறார். நான்தான் நன்றாக இல்லை!

மச்சான் என்றால் என் மனைவி வசந்தாவின் அண்ணன். உத்தரகோசமங்கைப் பக்கம் விவசாயம். நாங்கள் இருப்பது தங்கச்சிமடத்தில். ஜன்னல் கொக்கி, கதவுக் கீல், சைக்கிள் செயின்... எல்லாவற்றையும் காற்றே தின்றுவிடும் ஊர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெளியே மாடிப்படி கட்டினோம். கைப்பிடிக்கு என்ன கம்பி? ஆரம்பித்தது சண்டை.

“ஜி.ஐ. பைப் போடுங்க மாப்ளே. மேல துத்தநாகம் பூசிருக்கு, துரு அண்டாது. எங்க வீட்டு கேட்டு இன்னும் புதுசு கணக்கா நிக்கிது” என்றார் மச்சான்.

“அண்ணே, உங்க ஊர்ல உப்புக்காத்தா அடிக்குது? எஸ்.எஸ்.தான் போடணும். அதுலயும் கடலோரத்துக்குன்னு வர்ற 316” என்றாள் வசந்தா.

“எவர்சில்வர்லயா? ஏன், படியில சாம்பாரா வைக்கப் போற?”

போனில், நேரில், கல்யாண வீட்டுப் பந்தியில்... இதே பேச்சு. நான் வாய் திறந்தால், “நீங்க சும்மா இருங்க!”

கடைசியில் வெல்டிங் பட்டறைக்காரர் பஞ்சாயத்து பண்ணினார். நிற்கிற கம்பி ஜி.ஐ., மேலே பிடிக்கிற கம்பி எஸ்.எஸ். இருவருக்கும் திருப்தி!

வெல்டிங் சூட்டில் ஜி.ஐ.யின் பூச்சு எரிந்துவிடும், அந்த இடத்தில் எஸ்.எஸ்.ஸும் ஒட்டியிருந்தால் உப்புக்காற்றில் துரு இன்னும் வேகமாக அரிக்கும் — இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. மேலே பெயின்ட் இருந்ததால் உள்ளே நடந்தது கண்ணில் படவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் குண்டு மிளகாய் கொண்டுவந்தார். மாடியில் காயப்போட ஏறியவர், பாதிப் படியில் நின்று கைப்பிடியை உலுக்கினார்.

“பாத்தியா தாயி, ஜி.ஐ. எப்படி நிக்...”

டப்!

கம்பி வெளிப்பக்கம் சாய்ந்தது. கூடவே மச்சானும். கீழே சிமென்ட் தரை. பின்னால் வந்த வசந்தா, அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவரும் படியிலேயே விழுந்தார்கள். மிளகாய் மட்டும் கீழே போய்ச் சிதறியது. வசந்தா அழுதுகொண்டே இருந்தாள். அண்ணன் சட்டையை விடவே இல்லை.

ஒரு சொம்பு தண்ணீர் குடித்து முடித்தார் மச்சான். “கம்பி மேல குத்தமில்ல தாயி. வெல்டிங்தான் சரியில்ல.”

“எஸ்.எஸ். அப்படியேதானே இருக்கு அண்ணே?”

இன்னுமா! நான் தலையில் அடித்துக்கொண்டேன். இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

“நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?”

சொல்ல விட்டால்தானே!

யார் மனசும் கோணக்கூடாது என்று நாம் பாதிப் பாதியாக முடிவெடுக்கிறோம். உப்புக்காற்றுக்கு அந்தத் தாட்சண்யம் ஏது?

இப்போது முழுக்க 316. வசந்தா வாரா வாரம் நல்ல தண்ணீரில் துடைக்கிறாள். நேற்று வந்த மச்சான், சுவரோடு ஒட்டி ஒட்டி மாடி ஏறினார்.

“கைப்பிடியப் பிடிச்சு ஏறுங்க மச்சான்.”

“பாக்க அழகா இருக்கு மாப்ளே... அது பாட்டுக்கு இருக்கட்டும்.”