ராகு காலத்தில் ஒரு கையெழுத்து

தமிழ்மொழி அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விரதம் ஒன்றும் இல்லை. மாலை நாலரை மணிக்குள் ஒரு கடிதம் இணையம் வழியாக நெதர்லாந்து போய்ச் சேர வேண்டும். அந்தக் கடிதத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை.

கடிதம் போகவேண்டிய இடம் அங்கே உள்ள ஒரு சர்வதேச நீதிமன்றம். நாடுகளுக்கு நடுவில் தகராறு வந்தால் தீர்த்துவைக்கிற இடம். ஆறு மாதம் அங்கே பயிற்சி பெற விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது. தங்க இடம் கிடையாது. விமானச் சீட்டும் கிடையாது. இவ்வளவும் இல்லாத ஒன்றுக்கு உலகம் பூராவும் போட்டி! இருபத்தைந்து வயது தாண்டினால் விண்ணப்பிக்கவும் முடியாது. தமிழ்மொழிக்கு அடுத்த மாதம் இருபத்தாறு.

"சம்பளம் இல்லாத வேலைக்கு அப்ளிகேசனு வேறயா? நம்ம தெருவுல சும்மா குந்திக்கினு கீறவனுக்கெல்லாம் அங்க வேலை குடுப்பானா?" என்று அவள் அம்மா தாயம்மா காலையிலேயே கேட்டுவிட்டாள்.

தாயம்மா சிரிக்காமல் கிண்டல் செய்யக்கூடியவள். ஆனால் அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியும். பதினோரு வருடங்களுக்கு முன்பு அவர்கள் வீடு அடையாற்றின் கரையில் இருந்தது. காலை பதினொரு மணிக்கு அதை இடித்தார்கள். இடிக்கக் கூடாது என்ற தடை உத்தரவோடு வக்கீல் ஒருவர் ஸ்கூட்டரில் மூச்சிரைக்க வந்தபோது மணி இரண்டு. தாயம்மா அந்த உத்தரவை வாங்கி, ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் கவரிலேயே போட்டுக்கொண்டு, மாற்று வீடு ஒதுக்கிய பெரும்பாக்கத்துக்குப் போகும் லாரியில் ஏறினாள். கவர் இன்னமும் பீரோவில் இருக்கிறது. பதினான்கு வயதுத் தமிழ்மொழி அன்றைக்குத்தான் சட்டம் படிப்பதென்று முடிவு செய்தாள். காகிதம் சரியாக இருந்தால் போதாது, நேரத்துக்கு வரவும் வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தந்த பாடம் இல்லை.

இப்போது அவள் மந்தைவெளியில் வக்கீல் ஸ்ரீவத்சனிடம் ஜூனியர். அவர் அறையில் இருக்கிற கேஸ் கட்டுகளில் சிலவற்றுக்கு அவரைவிட வயது அதிகம். ஜன்னலைத் திறந்தால் தூசி வெளியே போகாது, வாய்தா கேட்கும். விண்ணப்பத்தில் மற்றதெல்லாம் தயார். தன்னிடம் வேலை பார்க்கிறாள், நன்றாகப் பார்க்கிறாள் என்று ஸ்ரீவத்சன் தரவேண்டிய ஒரு பக்கக் கடிதம்தான் பாக்கி. பத்து நாளாக அவர் மதுரையில் இருந்தார், அன்று காலைதான் திரும்பினார். கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போடலாமே என்றால், "கையெழுத்துங்கறது மசியில போடறது" என்பார்.

அந்த அலுவலக வழக்கப்படி ஜூனியர் எழுதுவார், குமாஸ்தா அன்வர் பாஷா டைப் செய்வார், சார் கையெழுத்துப் போடுவார். பாஷா தொடாத காகிதத்தைச் சார் தொட்டதில்லை. பாஷா ஸ்டேப்ளரை ஓங்கி அடித்தால் கபாலி கோயில் குளத்து மீன் துள்ளும் என்பார்கள். நான் பார்த்ததில்லை, நம்புகிறேன்.

தமிழ்மொழி காலையில் பாஷாவிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஹைகோர்ட் போனாள். இரண்டரை மணிக்குத் திரும்பியபோது மேஜைமேல் ஒரு கட்டு இருந்தது. மேலே வழக்கு விவரம் எழுதும் டாக்கெட் தாள், ஓரத்தில் துளை, துளையில் பச்சை நூல், மூலையில் கோர்ட் கட்டண ஸ்டாம்ப்.

"பாய், இது என்ன?"

"உன் லெட்டர்தாம்மா. இன்னா நீட்டா கீது பாரு."

ஒரு பக்கக் கடிதம் நாலு பக்க மனுவாகியிருந்தது. 'மேற்படி மனுதாரர் மிகவும் பணிவுடன் பிரார்த்திப்பதாவது' என்று தொடங்கி, 'பயிற்சி வழங்கி நீதி அளிக்குமாறு' என்று முடிந்தது.

"பாய்! இது சிபாரிசுக் கடிதம். ஸ்டாம்ப் எதுக்கு?"

"கோர்ட்டுக்குப் போற பேப்பருக்கு ஸ்டாம்ப் எதுக்கா? நல்லா கேட்ட போ. முப்பத்திரண்டு வருசத்துல என் பேப்பர் ஒண்ணுகூட ரிட்டர்ன் ஆனதில்ல. நெதர்லாந்துக்காரன் மட்டும் சும்மா வாங்கிப்பானா?"

சண்டை போட நேரமில்லை. அவளே உட்கார்ந்து மறுபடி டைப் செய்தாள். பிரிண்டர் தாளை இரண்டு தரம் மென்று துப்பியது. கடிதத்தை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குள் நுழைந்தபோது மணி மூன்று அடித்து இரண்டு நிமிடம்.

ஸ்ரீவத்சன் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு கையெழுத்து."

அவர் சுவரில் இருந்த தினசரி காலண்டரைக் காட்டினார். "செவ்வாய்க்கிழமை. மூணுலேர்ந்து நாலரை ராகு காலம். நல்ல காரியத்துக்குப் போற கடுதாசி இல்லையோ? நாலரைக்கு மேல கொண்டுவாம்மா."

"நாலரையோட முடிஞ்சிடும் சார்."

"ராகு காலத்துல போட்டு உருப்படாமப் போனா நான்தானே பொறுப்பு? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வெளியே வந்து கேஸ் கட்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தாள். மூன்றேகால் ஆனது. மூன்றரை ஆனது. மடியில் இருந்த கடிதத்தின் ஓரம் வியர்வையில் நனைந்தது. ஸ்கூட்டர் வக்கீலின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் அன்று அழுதது அவளுக்கு மறக்கவே இல்லை.

பாஷா பக்கத்தில் வந்து குனிந்தார். தன் ஸ்டாம்ப்பால் அரைமணி நேரம் போயிற்று என்ற குற்ற உணர்ச்சி அவர் தாடி வரைக்கும் தெரிந்தது. "பாப்பா, ஒண்ணு சொல்றேன், திட்டாத. ஐயா கையெழுத்த நான் போட்டா ஐயாவே கண்டுபுடிக்க மாட்டாரு."

தமிழ்மொழி உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அவள் சொல்லவில்லை. கடிதத்தைப் பார்த்தாள், பாஷாவின் கையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முழுதாக யோசித்தாள். பிறகுதான், "கோர்ட்டுக்குப் பொய்க் கையெழுத்தா பாய்? வேணாம்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

"அப்ப போய்ச் சண்டை போடு. ஐயா வாய்ச்சண்டைக்கு மயங்குவாரு. எதிர்க்கட்சி வக்கீல் நல்லா பேசினா நம்ம கேச மறந்துட்டுத் தலையாட்டுவாரு."

நாலு மணிக்கு அவள் மறுபடி உள்ளே போனாள். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

"சார், ஒரு சட்டப் பிரச்சினை. ராகு காலத்துக்கு எல்லை உண்டா?"

ஸ்ரீவத்சனின் புருவம் உயர்ந்தது. "எந்த எல்லை?"

"இந்தக் கடிதம் வேலை செய்யப்போற ஊர்ல இப்ப காலை பதினொன்றரை. அங்க ராகு காலம் வரவே இன்னும் மூணு மணி நேரத்துக்கு மேல இருக்கு."

"பேனா பிடிக்கற கை மந்தைவெளியில இருக்கே!"

"போன மே மாசம் அமெரிக்காவுல உங்க பொண்ணு ஸ்ரீலக்ஷ்மி வீட்டு கிரகப்பிரவேசம். ஞாயித்துக்கிழமை காலை ஏழரைக்குப் பால் காய்ச்சச் சொல்லி நேரம் குறிச்சீங்க. இங்க அப்ப சாயங்காலம் அஞ்சு. ஞாயித்துக்கிழமை ராகு காலம் நாலரைலேர்ந்து ஆறு."

"அதுக்கு…"

"'அங்க இருக்கற ஆத்துக்கு அங்க இருக்கற சூரியன்தான் கணக்கு'ன்னு மெயில் அனுப்பினீங்க சார். டைப் பண்ணின சாட்சி வெளிய நிக்கிறார்."

கதவுக்குப் பின்னாலிருந்து சாட்சி தலையை நீட்டியது. "ஆமாங்க ஐயா. நான்தான் அடிச்சேன். 'சூரியன்'னு ரெண்டு தரம் அடிச்சு, நீங்க திட்டினீங்க."

 ஸ்ரீவத்சன் காலண்டரைப் பார்த்தார். 

"ஒரு வருஷமா ஃபைல் தூக்கிண்டு பின்னாடி நடந்தியே, இந்த வாய எங்கடீம்மா வெச்சிருந்த?" என்றபடி பேனாவைத் திறந்தார். கையெழுத்தின் கீழே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: 'இன்று மாலை இவர் என் முன் வாதாடினார். நான் தோற்றேன்.'

மணி நாலு பதினேழு. பாஷா கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடிக்க, தமிழ்மொழி போனில் படம் எடுத்தாள். அவசரத்தில் முதல் படம் கலங்கியது, இரண்டாவதில் பாஷாவின் கட்டைவிரல் விழுந்தது. மூன்றாவதை ஏற்றினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.  நாலு இருபத்தெட்டுக்கு, 'விண்ணப்பம் கிடைத்தது' என்று வந்தது.

அவள் அப்படியே நாற்காலியில் சரிந்தாள். இரண்டு நிமிடம் கழித்து ஸ்ரீவத்சன் உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "பாஷா, ராகு காலம் முடிஞ்சுடுத்து. மத்த பேப்பரெல்லாம் கொண்டா."

தாயம்மாவுக்குப் போன் போட்டாள்.

"இன்னாடி, வேலை கெடச்சிடுச்சா?"

"இல்லம்மா. கேட்டிருக்கேன். முந்நூறு பேரு கேட்டிருப்பாங்க."

"கெடச்சா எப்டிப் போவ?"

"தெரியலம்மா."

 அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"டைமுக்குப் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சு. ரெண்டு நிமிசம் முன்னாடி."

"அப்ப சரி" என்றாள் தாயம்மா. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "போய் எதனா துன்னு."